குடும்பத்தோடு கண்ணகி மலை ஏற எளிய வழிகள்

சித்திரை பிறந்ததும் வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: "இந்த வருசமாச்சும் கண்ணகி கோயிலுக்குப் போவமா?" பயப்படாதீர்கள். சரி என்று சொல்லிவிடுங்கள். மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போகும் காட்டுவழியை வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும்தான் திறக்கிறார்கள். ஒரு நாளைக் கெடுப்பது பெரிய வேலையே இல்லை.

வெளிநாடுகளில் பிள்ளைகளுக்கென்று காட்டுக்குள் கதைப்பாதை போடுகிறார்கள். இந்த மரத்தடியில் ஓநாய், அந்தத் திருப்பத்தில் பாட்டி வீடு என்று மரப்பொம்மை செய்து நிறுத்துகிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை. மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோடு மேற்கே நடந்தவள் பதினான்காம் நாள் விண்ணேறியதாகக் காப்பியம் சொல்லும் மலை, நம் ஊர் தேவாரத்திலிருந்து ஒரு காலைப்பொழுது தூரத்தில் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருப்பதைக் கோட்டை விடத்தான் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

1. விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்புவதாக எல்லோரிடமும் சொல்லுங்கள். ஏழரைக்குக் கிளம்புங்கள். பண்ணைப்புரத்தில் வண்டியை நிறுத்தி, இளையராஜா ஊர் என்று போட்டோ எடுங்கள். வாரம் இரண்டு தடவை கடந்துபோகிற ஊர்தான். இன்றைக்குத்தான் தோன்ற வேண்டும். கோம்பையில் டீ. கம்பத்தில் பன்னீர் திராட்சை, பேரம் பேசி இரண்டு கிலோ. மதியம் தாண்டினால் மேலே விட மாட்டார்கள் என்று யாராவது நினைவுபடுத்தினால், "அதெல்லாம் நம்ம ஆளு இருக்காரு" என்று சொல்லுங்கள். யாரும் இருக்க மாட்டார்.

2. அப்பத்தாவை வீட்டில் விட்டுவிடுங்கள். முழங்கால் வலியைக் காரணம் சொல்லலாம். வீட்டில் கதை முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் வந்தால் பிள்ளைகள் அவர் பக்கத்தில்தான் உட்காரும். அந்த இடத்தில் குளிர்பானப் பெட்டியை வையுங்கள்.

3. ஜீப்பா, நடையா என்பதை வீட்டில் முடிவு செய்யாதீர்கள். லோயர் கேம்ப் வந்தபின் ரோட்டோரத்தில் நின்று சண்டை போடுங்கள். குமுளிக்கு ஏறினால் ஜீப் உண்டு. பளியங்குடியிலிருந்து நடந்தால் ஆறேழு கிலோமீட்டர் ஏற்றம். கடைசியில் பாதிப் பேர் ஜீப்பில், பாதிப் பேர் நடையில் என்று பிரியுங்கள். தண்ணீர் ஜீப்பில் போகட்டும். ஜீப் வாடகைக்கான பணம் நடக்கிறவர் சட்டைப்பையில் இருக்கட்டும். மலையில் செல்போன் எடுக்காது என்பதை நடுவழியில் கண்டுபிடியுங்கள்.

4. முதல் வளைவிலேயே சின்னவள் கேட்பாள்: "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?" இதுதான் நாளின் முக்கியமான கட்டம், கவனமாகக் கெடுக்க வேண்டும்.

இதே கேள்வியைக் கண்ணகியும் கேட்டிருக்கிறாள். புகாரை விட்டுக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்பார்கள், கால் நோக, மூச்சு வாங்க, மதுரை எங்கே இருக்கிறது என்றாள். முப்பது காதம் இருக்கிறது. அதை அப்படியே சொல்ல மனம் வராமல், ஆறும் ஐந்துமாய் உடைத்துக் கோவலன் சொன்னான். காதில் சின்ன எண்ணாக விழட்டுமே என்று! அவன் செய்த தப்புகளுக்குக் கணக்கில்லை, ஆனாலும் அந்த ஒரு பொய்க்காக எனக்கு அவனைப் பிடிக்கும்.

நீங்கள் இந்தக் கதையைச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அவள், "அப்புறம்?" என்பாள். அந்த "அப்புறம்" மாதவியில் ஆரம்பித்துச் சிலம்பு, பொற்கொல்லன், பாண்டியன் என்று உச்சிவரை இழுத்துக்கொண்டு போய்விடும், கால்வலி மறந்துவிடும். ஆகவே, "அந்தா, அந்த வளைவுதான்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு வளைவிலும் சொல்லுங்கள். ஐந்தாவது வளைவில் அதட்டுங்கள்.

5. பிளாஸ்டிக் கூடாது என்று பையைச் சோதிப்பார்கள். துண்டுக்குள் சுற்றி ஒளித்துக் கொண்டுபோங்கள், பிடிபட்டால் பிள்ளைகள் முன்னால் வாதாடுங்கள். கோயில் இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். யானை இருக்கிறது என்பதால் ஸ்பீக்கரில் பாட்டைச் சத்தமாக வையுங்கள். இதே கதையில் கவுந்தியடிகள் என்றொரு சமணத் துறவி, காலடியில் சிற்றுயிர் மிதிபடாமல் நடக்கச் சொல்லிக் கூட வந்தார். அவரை நீங்கள் கூட்டி வரவில்லை.

6. சித்திரையில் புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று நம் போடிக்கு மேலே குரங்கணி மலையில் பற்றிய தீயில், மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த ஆறாவது குறிப்புக்கு மட்டும் கெடுக்கும் பயிற்சி எதுவும் என்னிடம் கிடையாது. தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

7. உச்சிக்கு வந்தாயிற்றா? சித்தப்பா ஆரம்பிக்கட்டும்: கோயில் தமிழ்நாட்டுக்கா, கேரளாவுக்கா. முக்கால் மணி நேரம் தாராளமாக ஓடும். வரிசையில் முன்னால் நிற்கிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் சேர்ந்துதான் அன்றைக்கு வழியையே திறந்துவிடுகிறார்கள் என்பதைப் பேச்சில் கொண்டுவராதீர்கள்.

அதற்குள் பெரியவன், இடிந்து கிடக்கும் கல்லைத் தடவிக்கொண்டு, "இத யாருப்பா கட்டுனது?" என்பான். சேரன் செங்குட்டுவன் சிலைக்குக் கல்லெடுக்க இமயம் வரை போனதும், கங்கையில் நீராட்டிய கல்லைக் கனகவிசயர் தலையில் ஏற்றிக் கொண்டுவந்ததும், இலங்கையிலிருந்து கயவாகு மன்னன் விழாவுக்கு வந்ததும் இளங்கோ எழுதிவைத்ததுதான். அவன் வாய் பிளந்து கேட்பான். அதனால், "சாமி இடத்துல தொணதொணன்னு பேசாத" என்று முடித்துவிடுங்கள். கல்லோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

8. பளியங்குடிப் பக்கத்து ஆள் யாராவது வழியில் பேச்சுக் கொடுத்தால் நிற்காதீர்கள். வேங்கை மரத்தடியில் நின்றவளை முதலில் பார்த்ததும், பார்த்ததைக் கீழே வந்து சேரனிடம் சொன்னதும் மலைக்குறவர்கள்தான். மலைக்காரர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டதால்தான் இவ்வளவு பெரிய கதை வந்தது. இன்னொன்று வந்துவிடப் போகிறது.

9. இறங்கும்போது சின்னவள் கடைசியாக ஒன்று கேட்பாள்: "கண்ணகி எப்பப்பா கீழ வருவா?"

அவள் வரவில்லை. நீங்கள் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கியாக வேண்டும். வனத்துறை வழியை அடைத்துவிடும். வீட்டில் அப்பத்தா முழித்துக்கொண்டுதான் இருப்பார். பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள்.