பத்துக்கு நான்கு

மாடி வீட்டுப் பையனுக்கு ஏழாவது பிறந்தநாள். சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில், உள்ளங்கைக்குள் அடங்கும் மஞ்சள் கார் ஒன்றை 349 ரூபாய்க்கு வாங்கினேன். மடக்கினால் கார், பிரித்தால் ரோபோ. "கிஃப்ட் பேப்பர் சுத்தித் தரட்டுமா சார்?" என்றார் கடைக்காரர். வேண்டாம், வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

முப்பது வருஷம் பிளாஸ்டிக் அச்சுகளுக்கு வரைபடம் போட்டுப் பிழைத்தவன் நான். எதை வாங்கினாலும் தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு குறையாவது சொன்னால்தான் சோறு இறங்கும். என் தலை தெரிந்தால் தள்ளுவண்டிக் காய்க்காரர் வேகம் பிடிப்பார். அந்த ராத்திரியும் பெட்டியின் ஒட்டை நகத்தால் நைசாகப் பெயர்த்தேன்.

"ஏங்க, நாளைக்குக் குடுக்கப்போறத இன்னிக்கே பிரிப்பாங்களா?"

"தரம் பார்க்கிறேன்."

வீட்டம்மா மேற்கொண்டு பேசவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டார். முப்பது வருஷ அனுபவம் அவருக்கும் உண்டு.

காரை மேசைமேல் உருட்டினேன். இடது பக்கம் இழுத்தது. கூரையின் நடுவே வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு. கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவே நகம் போகும் இடைவெளி. உருவமோ குட்டையாக, கன்னம் உப்பிய குழந்தை மாதிரி. எந்த ரோட்டிலும் இப்படி ஒரு கார் ஓடியதில்லை. பழைய ஆவின் பால் அட்டையின் பின்புறத்தில் எழுதினேன்: 'அளவுப் பொருத்தம் இல்லை. இணைப்பு சுமார். பத்துக்கு நான்கு.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். ரோபோவாக ஒரு தடவைகூட மாற்றிப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டது அப்போது உறைக்கவில்லை.

பிறகு மாற்றிப் பார்த்தேன். பெட்டிக்குள் செய்முறைத் தாள் இருந்தது; ஒன்பது படங்கள், ஒரு எழுத்தும் கிடையாது. எனக்கா வரைபடம் சொல்லித் தருகிறார்கள் என்று கண்ணாடிகூடப் போடாமல் பார்த்தேன். நான்காம் படத்திற்கும் ஐந்தாம் படத்திற்கும் நடுவே எறும்பளவு அம்புக்குறி ஒன்று இருந்திருக்கிறது. முதலில் கதவை வெளிப்பக்கம் திற, பிறகு கையை இழு என்று அர்த்தம். நான் கதவைத் திறக்காமலே கையை இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். தோள் மூட்டில் பிளாஸ்டிக் வெளுத்தது. பிளாஸ்டிக் வெளுத்தால் அடுத்து என்ன ஆகும் என்று நாலு தலைமுறை அப்ரென்டிஸ்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அப்படியும் இழுத்தேன்.

டப்.

அரிசியில் பாதி அளவுள்ள முளை ஒன்று பறந்து மேசைக்கு அடியில் போனது. செல்போன் டார்ச்சோடு தரையில் தவழ்ந்து, கால் மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். இதற்குள் பொம்மையும் நடு வழியில் நின்றுவிட்டது. முன்பாதி கார், பின்பாதி கால். கரப்பான் பூச்சி மல்லாந்து கிடக்கிற கோலம். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பதினோரு மணிக்கு ஃபெவிகுவிக்கை எடுத்தேன். ஒரு சொட்டு போதும் என்று தெரியும். மூன்று விட்டேன். முளை ஒட்டியது, மூட்டும் ஒட்டியது, என் ஆள்காட்டி விரலும் ஒட்டியது. கை எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில், செங்குத்தாக, இறுகிப்போனது. நல்லவேளையாக அதோடு காரை மூட முடிந்தது.

தூக்கம் வரவில்லை. குற்றம் வடிவமைத்தவன் மேல்தான் என்று நிரூபிக்க வேண்டி, இந்தப் பொம்மைகளின் வம்ச சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

ஜப்பானின் டகாரா கம்பெனி எண்பதுகளின் தொடக்கத்தில் 'மைக்ரோ சேஞ்ச்' என்று ஒரு வரிசை கொண்டுவந்தது. வீட்டில் கிடக்கும் சாமான்களே ரோபோவாக மாறும் என்பது கற்பனை. காசெட் பிளேயர் ஒன்று, மைக்ராஸ்கோப் ஒன்று, கூடவே சின்னப் பொம்மைக் கார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கார்கள் நிஜக் காரின் வேடம் போடவில்லை. குழந்தை வீட்டில் கிடக்கும் பொம்மைக் காரின் வேடத்தைத்தான் போட்டன. குட்டையும் உப்பலும் பிழையே இல்லை, அதுதான் வேடம். 1984-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ இவற்றை வாங்கி 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று விற்றது. அதிலிருந்த மஞ்சள் வோக்ஸ்வேகன் பீட்டில்தான் பம்பிள்பீ; 2007 சினிமாவில் அது கமாரோ ஆனது. நான் வாங்கியது அதன் எட்டாம் பங்காளி வீட்டுப் பிள்ளை. அதன் உப்பலுக்குத்தான் 'அளவுப் பொருத்தம் இல்லை' என்று எழுதிவைத்திருந்தேன்.

ஷோஜி கவமோரி என்பவரைப் பற்றியும் படித்தேன். மாறும் ரோபோ வடிவமைப்பில் பெரிய கை. வரைவதோடு விடமாட்டாராம், லெகோ கட்டைகளில் கட்டி, மடக்கி, பிரித்துப் பார்ப்பாராம். கதவே கையாக வேண்டும், பானெட்டே மார்பாக வேண்டும், சக்கரம் கணுக்காலில் ஒளிய வேண்டும்; ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு உத்தியோகம். நான் ஆயுசு முழுக்க வரைந்தது பக்கெட், மூடி, சோப்பு டப்பா. அவற்றுக்கு ஒரே வேலைதான். அதிலும் ஒரு மூடி சரியாக மூடாது.

(ஒன்று இன்னொன்றாக மாறும் இந்த வித்தை நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். பலூன் டயரானது. பிற்பாடு அதே ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூல் ஆரம்பித்து, டயர்க்காரர்கள் மறுபடி பொம்மைக்கே வந்தார்கள். முளை ஒன்றும் உடையவில்லை.)

மறுநாள் சாயங்காலம் கேக் வெட்டினார்கள். பையன் பெட்டியைப் பிரித்தான். தாளைப் பார்க்கவே இல்லை. கூரையைத் தூக்கினான், காலை இழுத்தான், இடுப்பைத் திருப்பினான், கதவைத் திறந்தான். ரோபோ எழுந்து நின்றது, ஒரு கை மட்டும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு.

"இந்தக் கை வரலையே?"

"எல்லாம் சைனா சரக்குப்பா" என்றேன். கூசாமல் வந்தது.

அவன் அப்பா பெட்டியைத் திருப்பினார். "இல்ல சார், மேட் இன் இந்தியா போட்டிருக்கே. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கு." 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். போன மாதம் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

பையன் பொம்மையை மூக்கருகே கொண்டுபோனான். "தாத்தா, ஃபெவிகுவிக் வாசனை வருது." நான் பஜ்ஜி பக்கம் நகர்ந்துவிட்டேன். ஆள்காட்டி விரலைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டம்மா கேட்டது இரண்டே வார்த்தை: "கூடம் கோணலா?"

உண்மையைச் சொல்லிவிட இரண்டு தடவை மாடிக்குக் கிளம்பி, பாதிப் படியில் திரும்பினேன். அவன் அப்பா தமிழ்ப் பத்திரிகை பக்கமே போவதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். பையனுக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த ரோபோ இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் கேம்ப் ரோடு சிக்னலின் டிராஃபிக் போலீஸ். தூக்கிய கையை இறக்குவதே இல்லை; மற்ற கார்கள் எல்லாம் நிற்கின்றன.

பால் அட்டையைத் தேடி எடுத்து நான்கை அடித்துவிட்டு எட்டு என்று திருத்தியிருக்கிறேன். கழித்த இரண்டு மார்க், ரோபோவாக நிற்கும்போது ஸ்கூல் பை மாதிரி முதுகில் தொங்கும் அந்தக் கூரைக்கு. அதை மடித்து உள்ளே வைத்திருக்கலாம். இந்த ஒன்றில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.