திண்ணைப் பித்தர்

ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் குடியேறுகிறவர்களில் ஒரு ரகம் ரோஜா வளர்க்கும். இன்னொரு ரகம், சனிக்கிழமை விடிந்ததும் மூஞ்சிக்கல்லில் வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடித்துப் பழைய வீடு பார்க்கக் கீழே இறங்கும். இந்த இரண்டாம் ரகம்தான் நம் திண்ணைப் பித்தர்.

பெருமாள்மலையில் ஸ்வெட்டரைக் கழற்றுவார். காட்ரோட்டில் மேல்பொத்தானை அவிழ்ப்பார். நிலக்கோட்டைப் பக்கம் ஏதாவது ஓட்டு வீடு கண்ணில் பட்டால் போதும், வியர்வையோடு வாசலில் நிற்பார்.

"1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கீழ்நாட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து மலையேறி, சன்னிசைடு, ஷெல்டன்னு ரெண்டு வீடு கட்டினாங்கம்மா. நான் அங்கேயிருந்து உங்க வீட்டைத் தேடி இறங்கி வந்திருக்கேன்!"

"அப்படியா தம்பி? மொதல்ல மோர் குடிங்க" என்பார் அப்பத்தா.

பித்தர் தூணைத் தடவிக் கண் மூடுவார். "பர்மா தேக்கு!"

"வேம்பு தம்பி. கொல்லையில நின்னது."

அசரமாட்டார். சுவரை டாக்டர் போலத் தட்டிப் பார்த்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்குவார். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புதான் சரி. சொல்வதெல்லாம் உண்மை. அதுதான் சங்கடமே.

"சரிதான் தம்பி. ஆனா அதை அரைக்கிற கொத்தனாரு எங்க இருக்காரு? வருசா வருசம் ஓடு மாத்த யாரு ஏறுறது? மகன் கான்கிரீட் போடணுங்கிறான்."

"ஐயோ, இடிச்சிடாதீங்க!"

"அப்ப நீங்களே வந்து குடியிருங்களேன்."

பித்தருக்குச் சட்டென்று கடைசி பஸ் ஞாபகம் வரும். கொடைக்கானலில் அவருடைய வாடகை வீட்டின் தகரக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. அங்கே வாளி வைத்திருக்கிறார்.

ஒருவழியாகத் திண்டுக்கல் அருகே முற்றம் வைத்த சின்ன வீடு ஒன்றை வாங்கியேவிட்டார். அன்றே ஊருக்குள் போய்க் கையால் செய்த மாங்காய்ப் பூட்டும் வாங்கினார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு என்று ஆட்டோக்காரர் வரை சொல்லி முடித்தார். பூட்டப் போனால் நிலைதான் இருந்தது, கதவு இல்லை. முந்தைய சொந்தக்காரர் கதவை மட்டும் காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரியிடம் தள்ளிவிட்டு, அந்தக் காசில் புது வீட்டுக்கு கிரில் கேட் போட்டிருந்தார்.

ஊர் ஊராகத் தேடினார். கடைசியில் கதவு அகப்பட்டது கொடைக்கானலில், அவர் தெருமுனை ரிசார்ட்டில். பித்தளைக் குமிழோடு படுக்கப்போட்டு, மேலே கண்ணாடி பதித்து, வரவேற்பறை மேஜையாக்கியிருந்தார்கள். அவரே அதன்மேல் பலமுறை காபி வைத்துக் குடித்திருக்கிறார்.

நடுங்கும் குரலில் விலை கேட்டார்.

"மேஜையாகவா, கதவாகவா சார்?" என்றார் மேனேஜர். "கதவுன்னா கொஞ்சம் கூட ஆகும். கண்ணாடி கழற்றுற கூலி இருக்கில்ல?"