தண்டலத்துப் பனியும் குரங்குக் குல்லாவும்: ஒரு கள ஆய்வு

புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, இமயமலையை மூடிக்கிடப்பதும் பனி. தமிழின் இந்தச் சிக்கனத்தை நம்பித்தான் மார்கழி பிறந்ததும் சென்னையை அடுத்த எங்கள் தண்டலமே குரங்குக் குல்லா மாட்டிக்கொள்கிறது. சென்னை நுங்கம்பாக்கம் வெப்பமானி இதுவரை கண்ட மிகக் குறைந்த அளவே 13.9 டிகிரிதான், உறைநிலைக்கு இன்னும் ஏறக்குறைய 14 டிகிரி பாக்கி.

ஆய்வுக்களம்: நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளிய என் வீட்டுத் தோட்டம். கருவிகள்: அவரைப் பந்தல், பைக் சீட்டு, ஆய்வாளரின் வழுக்கை. நேரம்: ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் வருவதற்கு முன்.

பனி இறங்குகிறதா? "தலையில எறங்கும்பா, துண்டாவது கட்டிக்கோ" என்பது பக்கத்து வீட்டு ஆயாவின் கட்சி. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814இல் இதை மறுத்து நூலே எழுதினார். கம்பளித் துணுக்குகளை இரவில் தோட்டத்தில் வைத்து, காலையில் எடை போட்டுப் பார்த்த மனிதர். வானம் பார்த்துக் கிடக்கும் பொருள் தன் சூட்டை வானத்துக்கே விட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றின் ஈரம் அதன்மேல் துளியாகப் படிகிறது. மேலே ஒரு மறைப்பு இருந்தால் படிவது குறைவு. இறங்குவது என்று எதுவுமில்லை.

ஆக, வாதத்தில் வெல்ஸ் வென்றார். ஆனால் இருவர் சொல்படியும் கூரைக்கடியில்தான் ஒதுங்க வேண்டியிருப்பதால் வழக்கில் ஆயா தோற்கவில்லை. கம்பெனி கேட்டில் கம்பளிக் குல்லாவோடு இரவெல்லாம் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனோ, வெல்ஸின் சோதனையைத் தினமும் தலையில் சுமந்து நடத்துகிறார். எடை போடத்தான் ஆளில்லை.

நிஜமான உறைபனி வேண்டுவோர் உதகைக்குப் போகலாம். தலைகுந்தாப் புல்வெளி விடியலில் வெளுத்துக் கிடக்கும். அங்கே தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடி வைக்கிறார்கள். செடிக்குப் போட்ட குல்லா என்று இதைக் கொள்வதில் ஆய்வாளருக்குத் தயக்கமில்லை.

எங்கள் அவரைக்குக் குல்லா வேண்டாம். இந்தக் குளிரில்தான் அது பூத்துக் காய்க்கும். கூடவே அசுவினியும் வரும். இலையில் பனி காயும் முன் ஆயா அடுப்புச் சாம்பலைத் தூவுகிறார். ஈரத்தில்தான் சாம்பல் ஒட்டும் என்ற இந்த முடிவுக்கு அவர் எதையும் எடை போடவில்லை.

வெல்ஸின் கோட்பாட்டைச் சரிபார்க்க நேற்றிரவு பைக்கை முருங்கை மரத்தடியில் நிறுத்தினேன். காலையில் சீட்டில் பனி இல்லை. கம்பளிப்பூச்சி இருந்தது.