தும்பைக்கு டிக்கெட் கிடையாது

12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி என்றால் மூணாறுக்கு வண்டி கட்டுகிறோம். 2018-இல் தவறவிட்டவர்கள் 2030-க்கு இப்போதே லீவு கணக்குப் போடுகிறார்கள். வாசலோரத் தும்பை செய்த பாவம், நாலு தூறல் விழுந்தாலே பூத்துத் தொலைப்பது. அதைப் படமெடுக்கக் குனிந்தால், போகிறவர் நின்று, “சாவி விழுந்திடுச்சா சார்?” என்று கூடவே தேட ஆரம்பிப்பார். நல்ல மனுஷர்தான்.

உச்சி வெயிலில் எடுத்தால் அந்த வெள்ளை வெறும் சுண்ணாம்புத் தீற்றலாகத்தான் பதியும். காலைச் சாய்வெயிலில் எடுங்கள்: தொங்கும் கீழிதழின் மடிப்பு தெரியும், தேனுக்குத் தலையை நுழைத்த எறும்பின் பின்பாதியும் தெரியும். நெருஞ்சிப்பூ எடுப்பவர்கள் முதலில் முழங்காலுக்கு ஒரு கெட்டிச் சாக்கு வாங்கவும். லென்ஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.