துல்லியத் திலகம்

‘படம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் மற்றவர்கள் கதையைச் சொல்வார்கள், பாட்டைச் சொல்வார்கள், இடைவேளையில் தின்ற பப்ஸைச் சொல்வார்கள். துல்லியத் திலகம் மட்டும் “பிரின்ட் பரவாயில்லை” என்பார். கொலை செய்தது யார் என்று அவருக்குத் தெரியாது. கொலைகாரனின் விக் எந்த இடத்தில் நெற்றியோடு ஒட்டவில்லை என்பது தெரியும்.

தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. வயது நாற்பதுக்கு மேல். அதற்குக் கீழே இருப்பவர்கள் விசிடி பார்த்து வதைபட்டதில்லை என்பதால் அவர்களுக்கு இந்த வைராக்கியம் வாய்ப்பதில்லை.

விசிடி யுகத்தைப் பற்றி அவரிடம் வாயைத் திறந்துவிடக் கூடாது. 352-க்கு 288 புள்ளிகள், அவ்வளவுதான் படம். ஒரு தட்டில் 74 நிமிடம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டு தட்டு போட்டால் 148 நிமிடம். பாக்கி இரண்டு நிமிடத்துக்காக மூன்றாவது தட்டு. அந்த மூன்றாவது தட்டைத்தான் முன்னால் வாடகைக்கு எடுத்தவர் வீட்டுக் குழந்தை தரையில் உருட்டி விளையாடியிருக்கும். வேட்டி நுனியால் துடைத்து, ஊதி, சாமி கும்பிட்டுப் போட வேண்டும். ஓடினாலும் மழைப் பாட்டு வந்தால் போச்சு. நொடிக்கு 1.15 மெகாபிட்டில் அத்தனை மழைத்துளிக்கும் கணக்கெழுத முடியாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். கதாநாயகி பட்டே உடுத்தியிருந்தாலும் திரையில் காரைக்குடிக் கண்டாங்கிதான்.

பிறகு டிவிடி வந்தது. 720-க்கு 576. விசிடியைப் போல நாலு மடங்கு. திலகம் முதன்முறையாகக் கதாநாயகனின் முகத்தில் மீசையைத் தனியாகவும் உதட்டைத் தனியாகவும் பார்த்தார். 2006-இல் ப்ளூ-ரே சந்தைக்கு வந்தபோது 1920-க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், டிவிடியைவிடச் சரியாக ஐந்து மடங்கு. இந்தப் பெருக்கலைத் திலகம் கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே, இலையில் விரலால் கோடு இழுத்தே போட்டுக் காட்டுவார். பக்கத்து இலைக்காரர் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவது வழக்கம்.

ஆனால் மனிதரை வெறும் எண் பைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரே டிவிடியில் மூன்று படம் அடைத்து நடைபாதையில் விற்ற காலத்தில், ‘டிவிடிதானே, எல்லாம் ஒண்ணுதான்’ என்றவர்களிடம் அவர் சண்டையே போட்டிருக்கிறார். புள்ளிகளின் எண்ணிக்கை அதேதான், ஆனால் 4.7 ஜிபி தட்டை மூன்று படம் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது, ஒரு லிட்டர் பாலில் மூன்று வீட்டுக்குப் போட்ட காப்பி. தம்ளர் அளவு மாறவில்லை, உள்ளே இருப்பது மாறிவிட்டது.

அவரும் ஏமாந்ததுண்டு. ‘28 டேஸ் லேட்டர்’ ப்ளூ-ரேயை ஆசை ஆசையாக வாங்கினார். 2002-இல் வந்த அந்தப் படத்தின் பெரும்பகுதி கேனன் எக்ஸ்எல்1 என்ற மினிடிவி கேமராவில், சாதாரணத் துல்லியத்திலேயே எடுக்கப்பட்டது. கிணற்றில் இல்லாதது வாளியில் எப்படி வரும்? நேர்மாறாக 1964-இல் ஃபிலிமில் எடுத்த ‘கர்ணன்’, புதுப்பிக்கப்பட்டு 2012-இல் திரைக்கு வந்தபோது திலகம் இரண்டு முறை போனார். முதல் முறை கவசத்துக்கு, அடுத்த முறை குண்டலத்துக்கு.

‘எச்டி ரெடி’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய டிவிகள் அவருக்கு ஆகாது. பெரும்பாலும் 1366-க்கு 768, முழு எச்டியில் ஏறத்தாழப் பாதி. “மாப்பிள்ளை ரெடின்னா என்னங்க அர்த்தம்? இன்னும் கல்யாணம் ஆகலைன்னு அர்த்தம்” என்பார்.

உறவுக்காரர் வீடுகளுக்கு அவர் போகும் நாள்தான் விசேஷம். தண்ணீர்ச் செம்பை நீட்டினால் ரிமோட்டைக் கேட்பார். சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்து வைத்துப் பார்ப்பது பல வீடுகளில் வழக்கம். அதில் எல்லா உருவமும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். ஓமக்குச்சி நரசிம்மனே சற்றுப் பூசினாற்போலத் தெரிந்த ஒரு வீட்டில் திலகம் காப்பியைத் தொடவில்லை. அசைவை வழவழப்பாக்கி, சினிமாவை சீரியல் போல ஆக்கும் டிவி வசதியை அணைத்துவிடும்படி 2018 டிசம்பரில் டாம் குரூஸ் வீடியோ போட்டபோது, பங்காளி ஒருவன் முன்னுக்கு வந்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில்.

சென்ற மாதம் அத்தை வீடு. 40 அங்குல டிவி, எச்டி செட்டாப் பாக்ஸ், இரண்டு வருஷமாக எச்டி சந்தா. திலகம் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர். மஞ்சள் ஒயரில் எச்டி வராது. அதற்கு எச்டிஎம்ஐ வேண்டும். அந்தக் கேபிள் உறைகூடப் பிரிக்கப்படாமல், வாரன்ட்டி அட்டையோடு பரணில் தூங்கியது. முட்டிவரை ஒட்டடையோடு இறங்கி வந்து மாட்டினார். சேனலையும் எச்டிக்கு மாற்றிவிட்டு, கதவைத் திறந்து கருவறையைக் காட்டும் குருக்கள் போல விலகி நின்றார்.

பன்னிரண்டு அடி தள்ளி ஊஞ்சலில் இருந்த மாமா, “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாம்பா தெரியுது” என்றார். திலகத்தின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். அளந்தார். சராசரிப் பார்வைக்கு 40 அங்குலத் திரையில் எச்டியின் நுணுக்கம் முழுதாகப் பிடிபட ஐந்து அடிக்குள் உட்கார வேண்டும். பத்து அடியைத் தாண்டினால் டிவிடிக்கும் அதற்கும் பேதம் தெரிவது கடினம். மாமா சொன்னது கணக்குப்படி சரி என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஊஞ்சல் கொக்கியைக் கழற்றி முன்னால் மாட்ட முடியுமா என்று உத்தரத்தையும் ஒருமுறை பார்த்தார்.

அத்தை எப்போதும் டிவியின் காலடியில், நாலடி தூரத்தில், அரிவாள்மனையோடு உட்காருபவர். அவருக்கு வித்தியாசம் தெரிந்தது. அன்றிரவே போன் வந்தது.

“தம்பி, மருமக மூஞ்சியெல்லாம் மாவு அப்புன மாதிரி இருக்குப்பா. மாமியாக்காரிக்கு நரைக்கு வெள்ளை அடிச்சது அப்படியே தெரியுது. அழுகையே வரமாட்டேங்குது. காலையில வந்து அந்த மஞ்ச ஒயரையே மாட்டிட்டுப் போயேன்.”

திலகம் போனார். மஞ்சள் ஒயரை மாட்டினார். எச்டிஎம்ஐ கேபிளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். அன்று டிபன் முடியும்வரை டிவிக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்.