நாட்டாமைக்கு வாய் எதுக்கு?

எய்யா வாத்தியாரே, மெட்ராஸ் காலேஜ்ல ஒன்ன சமரசக் குழுவுல போட்டுருக்காவளாமே! பரம்பரைத் தொழில் கைவிட்டுப் போகலன்னு எனக்கு உச்சி குளுந்து போச்சு. பயிற்சி வேற குடுத்தாவளாம். வாயை மூடப் படிச்சிட்டியா? ஒங்க அப்பன் அறுபது வயசுலயும் படிக்கல.

நம்ம ஊருப் பஞ்சாயத்து வேற, ஒன் பஞ்சாயத்து வேற, பாத்துக்கோ. நாங்க தீர்ப்புச் சொல்லுவோம், அபராதம் போடுவோம். அதுல கோயிலுக்குக் கொஞ்சம், எங்க காப்பிக்குக் கொஞ்சம். நீ தீர்ப்பே சொல்லப்படாதாம். முடிவ அந்த ரெண்டு பயலுவளும்தான் எடுக்கணுமாம். காப்பியும் ஒன் காசுதான். பாவம்.

சும்மா கேலி பண்ணல. மெட்ராஸ் ஹைகோர்ட்டுல 2005-லயே சமரச மையம் தொறந்துட்டாவ. நாட்டுல கோர்ட்டோட சேத்துத் தொறந்த மொத மையம் அதுதான். 2023-ல டெல்லியில தனிச் சட்டமே போட்டாச்சு. 120 நாளுக்குள்ள பேசி முடிக்கணும், ரெண்டு தரப்பும் சம்மதிச்சா இன்னும் 60 நாள். உள்ள பேசினத நாளைக்குக் கோர்ட்டுல சாட்சியா இழுக்க முடியாது. கோர்ட்டே ‘நீங்களே பேசி முடிங்கய்யா’ன்னு ஒதுங்கி நிக்கி. ஒங்க துறைத்தலைவர் மட்டும் ரெண்டு பயலையும் நிக்க வச்சு, ஒரு மணி நேரம் ஒழுக்கத்தப் பத்திப் பேசி, மன்னிப்புக் கடுதாசி எழுதி வாங்கி, ‘கை குடுங்கடா’ன்னு போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டுதாரு. அந்தப் போட்டோவுல கையப் பாக்காத, பயலுவ கண்ணப் பாரு.

ஹாஸ்டல்ல பக்கெட் சண்டைன்னு சொன்னியே, அதையே எடுத்துக்குவோம். ஒருத்தன் செவப்புப் பெயின்ட்டுல பேரு எழுதி வச்ச பக்கெட்ட இன்னொருத்தன் எடுத்துக் குளிச்சான். இவன் அத ரெண்டாவது மாடியிலருந்து தூக்கிப் போட்டான். மண்டை ஒடையாதது குலசாமி புண்ணியம். நீ என்ன செஞ்ச? ‘எடுத்தியா, எடுக்கலியா?’ன்னு அரை மணி நேரம் வக்கீல் கணக்கா நோண்டுன. எய்யா, ஒரு பக்கெட்டு என்ன வெல இருக்கும்? அதுக்காக எவனாவது மாடியேறிச் சண்டை போடுவானா?

தாத்தா சொல்லுதேன், கேளு. ரெண்டு பேரையும் மொதல்ல தனித்தனியா கூப்பிடு. ஆபீஸ் ரூமுக்கு இல்ல, டீக்கடைக்கு. நீ ஒசரமான நாக்காலியில ஒக்காராத, பெஞ்சுல பக்கத்துல ஒக்காரு. கேள்வியே கேக்காத. அவன் நிறுத்துத எடத்துல ‘அப்புறம்?’னு மட்டும் கேட்டுட்டு டீயக் குடி. மூணாவது ‘அப்புறம்’ வரும்போது பக்கெட்டு காணாமப் போயிரும். ‘நான் தொட்ட பக்கெட்ட அவன் ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவுனான் சார்’னு வெளிய வரும்.

அங்கதான் ஒனக்குத் தொண்டை அடைக்கும். அந்தச் சோப்பு ஹாஸ்டல்ல வாங்கினதில்லன்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம்ம ஊரு டீக்கடையில தனி கிளாஸ் வச்சிருந்த காலத்துல, பெஞ்சுல ஒக்காந்து நாட்டாமை பேசுன கூட்டத்துல இந்தத் தாத்தாவும் உண்டு. அதனால ‘விட்டுக் குடுத்துப் போங்கப்பா’ன்னு ரெண்டு பேரையும் சமமா வச்சுப் பேசிராத. ஒருத்தன் விட்டுக் குடுத்தே வந்தவன்.

இத வளர விட்டா என்ன ஆவும்னு, 2008 நவம்பர்ல மெட்ராஸ் சட்டக் கல்லூரியில பயலுவ கம்பும் கத்தியுமா அடிச்சுக்கிட்டத டிவியில பாத்தோமே. போலீஸ் வாசல்ல நின்னு வேடிக்கை பாத்துது. ஒரு போஸ்டர்ல காலேஜ் பேருலருந்து அம்பேத்கர் பேர விட்டு அடிச்சாவ, அதுல பத்திக்கிட்டு. போஸ்டர் ஒட்டுன அன்னைக்கே பெஞ்சப் போட்டு ஒக்கார ஒரு ஆளு இருந்துருக்கணும். ரத்தம் வந்த பெறகு விசாரணைக் கமிஷன்தான் வரும்.

இன்னொண்ணு. ‘சார், வெளிய தெரிஞ்சா காலேஜ் மானம் போயிரும், பேசி முடிங்க’ன்னு மேலருந்து சொல்லுவாவ. ராகிங்னா ஒன் குழு அந்தப் பக்கமே எட்டிப் பாக்கப்படாது. 1996-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல ஒரு பச்சப் புள்ளையக் கொன்ன பெறகுதான் 1997-ல நம்ம மாநிலத்துல சட்டமே வந்துது. ரெண்டு வருஷம் வரைக்கும் செயில். யூஜிசி 2009-ல போட்ட விதிப்படி 24 மணி நேரத்துல போலீசுக்குப் போயிரணும். பொம்பளப் புள்ளைய குடுக்குத பாலியல் தொல்லைப் புகார்லயும் நீயா நொழையப்படாது. அந்தப் புள்ளையா கேட்டாத்தான் சமரசம், அதுலயும் காசு பேசப்படாதுன்னு 2013 சட்டம் சொல்லுது. மானத்துக்குப் பயந்து கொலையையே காதுகுத்து விருந்து வச்சு முடிச்ச ஆளுவள நான் பாத்துருக்கேன், அதான் சொல்லுதேன்.

ஒங்க ஊருல ‘ரூட்டு தல’ன்னு ஒரு சாதி இருக்கானுவளாமே! காலேஜ் பயலுவள்ல பஸ் ரூட்டுக்கு ஒரு தலைவனாம். மாநிலக் கல்லூரி தொடங்குனது 1840, பச்சையப்பன் கல்லூரி 1842. ரெண்டு வயசு வித்தியாசத்துல அண்ணன் தம்பிக்குள்ள இத்தன வருஷமா என்னத்துக்குய்யா பங்காளிச் சண்டை? 2019-ல அரும்பாக்கத்துல பஸ்ஸுக்குள்ள அரிவாளோட ஏறுனதுதான் வேடிக்கை. வெட்டுனவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே காலேஜு, ரூட்டுதான் வேற. போலீசு தலைகளக் கூப்பிட்டு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குச்சு. நானா இருந்தா பத்திரத்துக்குப் பதிலா பெஞ்சக் குடுத்துருப்பேன். அம்பது பயலுவ அவன் பேச்சக் கேட்டுப் பஸ் கூரையில ஏறுதானுவ. ஒன் பேச்சக் கேட்டு எவன் வகுப்புக்கு வாரான்? அரிவாளத் தொடாத தலையா ரெண்டு பேரத் தேடிப் புடிச்சு, பயிற்சி குடுத்து, குழுவுல ஒக்கார வையி.

ஒங்க காலேஜ் முதல்வர் ஒத்துக்கிட மாட்டாரு, குதிப்பாரு. குதிக்கட்டும். அதுக்கு முன்னால அவரு படிச்ச காலத்துல எந்த ரூட்டுக்குத் தலையா இருந்தாருன்னு பழைய பியூன்கிட்ட மெல்ல விசாரிச்சு வச்சுக்கிட்டு உள்ள போ.