நித்திரைக்கு முந்திய கலகம்: ஓர் ஆராய்ச்சி

ஆன்மா அணுவளவினதா, எங்கும் நிறைந்ததா என்று ஆயிரம் ஆண்டுகள் அயராது வாதம் புரிந்த நம் பண்டிதர்கள், மத்தியானச் சாப்பாடு முடிந்து, தட்டுகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டு, பாய் விரித்துக் கிடத்தப்பட்ட இரண்டரை வயதுக் குழந்தை ஏன் அப்பாயின்மீது கிடப்பதில்லை என்னும் விஷயத்தைப் பற்றி ஒரு சூத்திரமேனும் இயற்றாது போனது பெரிதும் வியக்கத்தக்கதே. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றதுமுதல், ஊருக்கு ஊர் அங்கன்வாடிகளில் இது குறித்த பரிசோதனை பிற்பகல்தோறும் நடந்தே வருகிறது; குறிப்பெடுக்கத்தான் ஆள் இல்லை. டீச்சருக்கோ எடைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, சத்துமாவுக் கணக்கு ஆகியவற்றை எழுதவே பொழுது போதவில்லை. ஆகவே அக்குறையை நிவர்த்திக்க நாம் துணிந்தோம்.

முதற்கண் பிரமாணம் வேண்டும். மணிமேகலையின் இறுதிப் பகுதியிலே அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அனுமானத்தின் உறுப்புகளை வகுத்துரைக்கிறார். தர்க்க நூலார் மலையில் எழும் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டென்று துணிவதை உதாரணமாகக் காட்டுவர். அம்முறை வழுவாது நாம் கூறுவது: இக்குழந்தை உறக்கமுடையது, ஓட்டமுடைமையால், எது எது காரணமின்றிச் சுவருக்குச் சுவர் ஓடுகிறதோ அது அது உறக்கமுடையது, நேற்று ஓடிய குழந்தைபோல. புறத்தே ஓட்டமாகத் தோன்றுவது அகத்தே தூக்கம் என்னும் இவ்வுண்மையை அறியாதவர்கள்தாம், ‘இன்னும் தெம்பா இருக்கான், கொஞ்சம் ஆடட்டும்’ என்று சொல்லி, அரைமணி நேரத்தில் அனர்த்தத்தை விலைக்கு வாங்குகிறார்கள்.

இனிப் பிரத்தியட்சம். பொத்தான் அறுந்த காற்சட்டையணிந்த ஒரு சிறுவனை நாம் நெடுநேரம் கவனித்தோம். புறங்கையால் கண்ணைத் தேய்த்தான், காதைப் பிடித்து இழுத்தான், முதலில் தன் காதை, பின்பு பக்கத்துப் பாயின் காதை, தலை இருக்கவேண்டிய இடத்தில் காலை வைத்து, காலைச் சுவரில் ஏற்றினான், தண்ணீர் கேட்டான், தண்ணீர் வந்ததும் ஒண்ணுக்கு என்றான், போய்வந்து மறுபடியும் தண்ணீர் கேட்டான். அடுத்திருந்த சிறுமியின் ஹேர்பின்னைக் கழற்றி, அவள் அழத் தொடங்கியதும் தானும் அழுதான். அழுகையின் நடுவே வாய் கொள்ளாத கொட்டாவி ஒன்று வந்தது. அதை முழுதும் விட்டு முடித்தபின், ‘எனக்குத் தூக்கம் வரல டீச்சர்’ என்றான். மெய்ப்பாடுகள் எட்டென்று தொல்காப்பியர் வகுத்தார். அவ்வெட்டையும் காண்பதற்கு இவன் நம்மை நெடுநேரம் காத்திருக்க வைக்கவில்லை.

இதன் காரணம் வைத்திய சாஸ்திரத்தில் உள்ளது. விழித்திருக்குந்தோறும் உடலிலே உறக்கத்தின் நெருக்கடி ஏறிக்கொண்டே வருகிறது. அது பெரியவர்களைக் காட்டிலும் சிறுவர்களிடத்தில் விரைந்து ஏறுகிறது. ஏறுங்காலத்து முதலில் தளர்வது கையோ காலோ அன்று, தன்னைத்தான் அடக்கும் திறமை. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தார் 2016-இல் வகுத்தபடி, 1 முதல் 2 வயதுவரை நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 5 வயதுவரை 10 முதல் 13 மணி நேரமும், பகலுறக்கத்தையும் சேர்த்து, குழந்தை உறங்கவேண்டும். இவ்விதியைக் குழந்தைகளைத் தவிர மற்றெல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

உபாயங்களுள் பூச்சாண்டியைக் காட்டுதல் அதமம். அதனால் கண் மூடுமேயன்றி உறக்கம் வாராது. 1939-இல் அடையாற்றுக்கு வந்து பல ஆண்டுகள் நம் நாட்டில் தங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் மௌன விளையாட்டு என்றொன்றைக் கற்பித்தார். எல்லோரும் அசையாது வீற்றிருக்க, ஆசிரியர் மறைவில் நின்று ஒவ்வொரு பெயராக மெல்லிய குரலில் அழைக்க, அழைக்கப்பெற்றவர் ஓசையின்றி எழுந்து வருவது அது. அற்புதமான பயிற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் உச்சிவெயிலில் களைத்த மழலையரிடம் அதைப் பிரயோகித்தால், மூன்றாவது பெயருக்குள் ஒரு குரல், ‘என் பேரு எப்ப?’ என்று கூரை அதிரக் கேட்கும்.

தாலாட்டின் மகிமை வேறு. நம் நாட்டுத் தாலாட்டுகள் பலவும் உண்மையில் ஒரு குற்ற விசாரணையே. குழந்தை அழுகிறது, அடித்தவர் யாரென்று அத்தை முதலிய உறவினர் ஒவ்வொருவராகச் சந்தேகத்துக்கு உள்ளாகிறார்கள், ஆயுதம் பெரும்பாலும் பூச்செண்டு. தீர்ப்பு வருமுன் வாதி உறங்கிவிடுவதால் இவ்வழக்குகளில் இதுகாறும் எவரும் தண்டிக்கப்பட்டதில்லை.

எனினும் உபாயங்களுள் உத்தமம் தட்டிக்கொடுத்தலே. இதில் தட்டுவது எளிது, நிறுத்துவது அரிது. மூச்சு சீரானதும் நிம்மதியடைந்து கையை எடுப்பவர், எடுத்த கையைத் திரும்ப வைக்குமுன் இரு கண்கள் தம்மை நோக்குவதைக் காண்பார். ஜப்பானின் ரிகென் ஆராய்ச்சி நிலையத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், அழும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நடந்து, அது உறங்கியபின்னும் 5 முதல் 8 நிமிடம் மடியிலேயே வைத்திருந்து, அதன் பின்னரே கிடத்துமாறு கூறுகிறார்கள். உடலைவிட்டு உடல் விலகத் தொடங்கும்போதே குழந்தையின் இதயத்துடிப்பு வேகம் கொள்கிறதாம். தட்டும் விசையைக் குறைத்து, பின் தட்டாமல் கையை மட்டும் முதுகின்மேல் வைத்திருந்து, பின் அக்கையின் பாரத்தையும் சிறிது சிறிதாகக் குறைக்கும் அங்கன்வாடி ஆயா இந்த ஆய்வைப் படித்தவரல்லர்.

ஆயாவிடம் நாம் கண்ட வேறொன்றே இவ்வாராய்ச்சியின் சித்தாந்தமாகும். குழந்தையை உறங்கவைத்தே தீருவது என்னும் சங்கற்பமே அதன் உறக்கத்துக்குப் பிரதான விரோதி. டீச்சர் குனிந்து, ‘தூங்கு, தூங்கு’ என்னுந்தோறும் அக்குரலில் உள்ள அவசரம் குழந்தைக்குத் தொற்றுகிறது. ஆயாவோ ஜன்னலைச் சாத்தி, பாயின் ஓரத்தில் சுவரில் சாய்ந்தமர்ந்து, யாரையும் பாராமல், ‘அப்பாடா’ என்று காலை நீட்டுகிறார். அந்த ‘அப்பாடா’ கேட்டு முதலில் அசைவற்றவன் நாம் மேலே கண்ட ஹேர்பின் கள்வன்.

இதற்குப் பூர்வபட்சம் ஒன்றுண்டு. அது மாலையில் வாயிற்படியில் நின்று கூறப்படுவது. ‘பகல்ல தூங்க வச்சிடறீங்க டீச்சர், ராத்திரி பன்னெண்டு மணிவரைக்கும் ஒரே ஆட்டம்’ என்பர் தாயார். பகலில் உறங்காதவன் ஆறு மணிக்கு உறங்கி ஒன்பது மணிக்கு எழுவானே என்பது டீச்சரின் சமாதானம். இருதரப்பும் வலியன. இரவுப் பகுதியை ஆராயும் அதிகாரம் தாயாருக்கே உரியதாகையால், இந்நூலின் இரண்டாம் பாகத்தை அவரே எழுதித் தருமாறு விண்ணப்பித்தோம். எழுத உட்கார்ந்தால் தமக்குத் தூக்கம் வருகிறது என்று அவர் தெரிவித்துவிட்டார்.